வால் நட்சத்திரத்தில் களிமண்ணா? கொஞ்சம் பொறுங்க சாமி!

போன ஞாயிறு இங்கே அகமதாபாத்ல நம்ம தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சாப்பிட்டப்போ நண்பர் ஒருத்தர் அடிச்சு விட்டார்: "வால் நட்சத்திரத்துல களிமண் கண்டுபிடிச்சாச்சு. அப்போ தண்ணி ஓடியிருக்கு, உயிரும் அங்கேருந்துதான் வந்திருக்கு." பசங்க வாயைப் பிளந்து கேட்டதுங்க. எனக்கு சாம்பார் சாதம் இறங்கலை.

2005 ஜூலை 4-ல் நாசாவின் டீப் இம்பாக்ட், சுமார் 370 கிலோ எடையை டெம்பல் 1 மேல மோதவிட்டது. கிளம்பின தூசியை ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்தது. வெயிலில் சூடான தூசி அகச்சிவப்பில் ஒளிரும். சிலிகேட் இருந்தா 10 மைக்ரான் பக்கம் வரைபடத்தில் ஒரு மேடு. கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத தூசின்னா மேடு மழுங்கலா இருக்கும். படிகமா இருந்தா 11.2 மைக்ரான் கிட்ட கூரா நிமிரும்.

சிக்கல் எங்கேன்னா, பல கனிமங்களோட ஒளி ஒரே கோட்டில் கலந்து வருது. அடுத்த வீட்டு சாம்பார் வாசனையை வெச்சு பெருங்காயம் இருக்குன்னு சொல்லிடலாம். வெந்தயம் எத்தனை சிட்டிகைன்னு சத்தியம் பண்ண முடியுமா? 2006-ல் வந்த ஸ்பிட்சர் பட்டியலில் படிகம், களிமண், கார்பனேட் எல்லாம் இருந்தது. எல்லாத்துக்கும் ஒரே எடை கிடையாதுங்கிறது என் கட்சி.

படிகத்துக்கு சாட்சி பலமானது. 1996-லேயே ஹேல்-பாப்பில் ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ தொலைநோக்கி ஃபார்ஸ்டரைட் படிகத்தைக் காட்டியது. 2006 ஜனவரி 15-ல் ஸ்டார்டஸ்ட் கலம் வைல்ட் 2 தூசியைக் கையிலேயே கொண்டுவந்தது. அதிலும் ஃபார்ஸ்டரைட்! இப்படிப் படிகமாக சுமார் 1000 கெல்வின் சூடு வேணும். பனி உறையறதோ சூரியனை விட்டு வெகுதூரத்துக் குளிரில். அடுப்படியில் வெந்தது ஐஸ்பெட்டிக்குள்ள எப்படிப் போச்சு? ஆரம்பத்தில் சூரியன் பக்கத்துச் சரக்கு வெளியே அடிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். பசங்களுக்குச் சொல்ல வேண்டிய அதிசயம் இதுதாங்க.

களிமண்ணோ, வைல்ட் 2 தூசியின் முதல் ஆய்வுகளில் அகப்படலை. 2011-ல் அதே தூசியில் தண்ணீர் பட்டு உண்டாகும் கந்தகக் கனிமங்கள் கிடைச்சதா அரிசோனா ஆய்வாளர்கள் சொன்னாங்க. அதனால கதவைச் சாத்திடவும் முடியாது. தவிர, டெம்பல் வேற, வைல்ட் வேற. ஆனா அங்கேருந்து உயிருக்குத் தாவறது? ரொம்ப நீளமான தாவல்.

நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். சண்டைக்கு வாங்க சார், காபி நம்ம வீட்டுலதான் :-)