‘அன்டில்’ படும் பாடு

ஆங்கிலத்தில் ‘அன்டில்’ என்றொரு சிறு சொல் உண்டு. அதற்கு ‘வரை’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்வதோடு நம் மாணவியர் நின்றுவிடுகின்றனர். அது போதாது என்பது என் கருத்து.

விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழைகள் இரண்டு. ‘ஐ வில் வெயிட் அன்டில் யூ வில் கம்’ என்பது ஒன்று. ‘நீ வரும் வரை’ என்பதில் ‘வரும்’ எதிர்காலமாயிற்றே, ஆகவே ‘வில்’ வேண்டும் என்று எண்ணுகின்றனர். ஆங்கிலமோ அவ்விடத்தில் நிகழ்கால வினையையே கேட்கிறது: ‘அன்டில் யூ கம்’. மற்றொன்று, ‘யூ கெனாட் கோ அன்டில் யூ டு நாட் ஃபினிஷ்’. ‘முடிக்காத வரை போக முடியாது’ என்று தமிழில் சொல்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் ‘அன்டில்’ ஓர் எல்லைக்கல். வேலை முடியும் நேரமே அந்த எல்லை. அங்கே ‘நாட்’ சேர்த்தால் கல்லையே பிடுங்கி எறிந்தது போலாகும். ‘அன்டில் யூ ஃபினிஷ்’ என்றாலே போதும். (எழுத்துக்கூட்டலிலும் ஒரு வேடிக்கை: ‘டில்’லுக்கு இரண்டு ‘எல்’, ‘அன்டில்’லுக்கு ஒன்றே!)

இவை மதிப்பெண் சம்பந்தப்பட்டவை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதை ‘அன்டில்’ தானாகச் சொல்வதில்லை. ‘ஐந்து மணி வரை காத்திருந்தேன்’ என்றால் பிறகு போய்விட்டேன் என்று ஊகிக்கிறோம். ஆனால் ஊருக்குப் புறப்படும் தாய், ‘நான் வரும் வரை நல்ல பிள்ளையாக இரு’ என்றால், வந்தபின் குறும்பு செய்யலாம் என்றா பொருள்?

மத்தேயு நற்செய்தி முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நினைவுகூருங்கள். மரியன்னை மகனைப் பெறும் வரை சூசையப்பர் அவரோடு கூடி வாழவில்லை என்பது அதன் கருத்து. ‘அப்படியானால் பிறகு?’ என்று வேறு சபையைச் சேர்ந்த தோழி கேட்டால் நம் மாணவி என்ன சொல்வாள்? இக்கேள்வி புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் எல்விதியுஸ் என்பவர் இவ்வசனத்தைக் காட்டி, தேவமாதாவுக்கு வேறு பிள்ளைகளும் பிறந்தனர் என்று எழுதினார். ஏறத்தாழ 383-ஆம் ஆண்டில் புனித எரோணிமுஸ் அவருக்கு மறுப்பு எழுதினார். உலகம் முடியும் வரை உங்களோடு இருக்கிறேன் என்று ஆண்டவர் வாக்களித்தாரே, முடிந்தபின் கைவிட்டுவிடுவாரா என்பது அவர் வாதங்களுள் ஒன்று. பழைய ஏற்பாட்டில் இன்னும் தெளிவான சான்று உள்ளது. தாவீதின் மனைவி மீக்கால் சாகும் நாள் வரை பிள்ளையில்லாதிருந்தாள் என்கிறது சாமுவேல் இரண்டாம் நூல் (6:23). இறந்தபின் பெற்றாள் என்று யாரும் வாசிப்பதில்லை!

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ‘வரை’ என்ற சொல்லைக் கொண்டு மட்டும் அன்னையின் கன்னிமையை நிரூபித்துவிட முடியாது. திருச்சபையின் போதனை நிற்பது தொன்றுதொட்டு வந்த மரபின் மேல். இலக்கணம் காட்டுவதெல்லாம், அவ்வசனம் அதற்கு எதிர்ச்சாட்சி ஆகாது என்பதே. தோழிக்குக் கோபமின்றிப் பதில் சொல்ல அதுவே போதும்.

ஆகவே ஆங்கில ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். ‘அன்டில்’ பாடம் நடத்தும் நாளில், பயிற்சி நூலின் ரயிலையும் மழையையும் சற்று ஒதுக்கிவைத்து, மீக்காலின் வசனத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் சகோதரியையும் அன்று அழைத்துக்கொள்ளலாம்.