பையைக் காக்கும் பிள்ளை

பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பதவிகள் உண்டு. வகுப்புத் தலைவன் உண்டு. கரும்பலகை துடைப்பவன் உண்டு. சாக்குக் கட்டி வாங்கிவர ஓடுகிறவன் உண்டு. இவை தவிர, எந்த ரிஜிஸ்தரிலும் எழுதப்படாத பதவி ஒன்றும் இருக்கிறது. விளையாட்டுப் பீரியட் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் மைதானத்தை நோக்கிப் பறந்துவிடுகிறார்கள். மரத்தடியில் குவிந்து கிடக்கும் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக யாராவது ஒருவர் உட்கார வேண்டும் அல்லவா? அந்தப் பதவிக்குத் தேர்தல் இல்லை; போட்டியும் இல்லை. காலை இழுத்து நடக்கும் பையன் ஒருவனோ, பார்வை மங்கிய பெண் ஒருத்தியோ வகுப்பில் இருந்துவிட்டால், வருஷம் முழுவதும் அந்தப் பதவி அவர்களுக்கே சாசுவதம்.

இப்படிச் சொல்வதனால், நம் உபாத்தியாயர்கள் கல்நெஞ்சர்கள் என்று நாம் குற்றம் சாட்டுவதாக நேயர்கள் எண்ணவேண்டாம். நாமும் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்துக்கொண்டிருக்கிறவர்கள்தாம். டிரில் மாஸ்டர் அந்தப் பிள்ளையை மரத்தடியில் உட்காரச் சொல்வது இரக்கத்தினால்தான். "பாவம், அவன் எப்படி ஓடுவான்? விழுந்துவிட்டால்?" என்று அவர் மனம் பதறுகிறது. கணக்கு உபாத்தியாயர் அவனைக் கேள்வி கேட்காமல் விடுவதும் இரக்கந்தான். உல்லாசப் பயணத்துக்கு அவனை அழைத்துப் போகாமல் விடுவதும் இரக்கந்தான். இப்படி நாலு பக்கமும் இரக்கம் சூழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பள்ளியில் சேர்த்துக்கொள்வது வேறு, சேர்ந்து வாழச் செய்வது வேறு என்பதே இந்த வாரம் நாம் சொல்ல விரும்பும் விஷயம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1974-ஆம் வருஷத்திலேயே, உடற்குறையுள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்ப்பதற்கான திட்டம் ஒன்றை இந்திய சர்க்கார் ஆரம்பித்தார்கள். 1995-இல் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினாலு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கியது. பிறகு வந்த 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. நாற்பது சத விகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமையைப் பதினெட்டு வயது வரையில் உறுதி செய்தது. அது மட்டும் அல்ல. 'எல்லாரையும் உள்ளடக்கிய கல்வி' என்பதற்கு அந்தச் சட்டம் கூறும் இலக்கணம் கவனிக்கத் தக்கது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து படிப்பது அதன் ஒரு பாதி. அவர்களுக்கு ஏற்றவாறு போதனா முறையை மாற்றி அமைப்பது மறு பாதி. முதல் பாதியை நிறைவேற்ற ஒரு விண்ணப்பத் தாள் போதும். இரண்டாவது பாதிக்கு உபாத்தியாயர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் தயங்கி நிற்பது இங்கேதான்.

முதல் பாதியேகூட முழுமை பெறவில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, தேசத்தில் மாற்றுத் திறனாளிகள் ஏறக்குறைய 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் ஐந்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு 61 பேர் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு 27 பேர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. சுதந்திரம் பெற்று அறுபத்துநாலு வருஷங்களுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. தேசத்துக்குக் கிடைத்த சுதந்திரம் இந்தக் குழந்தைகளின் வீட்டு வாசற்படி வரையில் போய், உள்ளே நுழையாமல் நின்றுவிட்டது.

நம் தேசத்தில் இப்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க முதலில் முயன்றவர்களை நன்றியுடன் நினைக்கவேண்டும். அமிர்தசரஸில் 1887-ஆம் வருஷத்தில் ஆனி ஷார்ப் என்ற மாது பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். கல்கத்தாவில் 1893-இல் செவி கேளாதவர்களுக்குப் பள்ளி ஏற்பட்டது. நம் பாளையங்கோட்டையிலும் அந்த நூற்றாண்டின் கடைசியில் பார்வையற்றோருக்கும் செவி கேளாதோருக்கும் பள்ளிகள் தோன்றிவிட்டன. 'இவர்களால் படிக்க முடியாது' என்று உலகம் தீர்மானித்திருந்த காலத்தில், 'முடியும்' என்று நிரூபித்தவை அந்தத் தனிப் பள்ளிகளே. ஆனால் அவை எல்லா ஊர்களிலும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு மூலையில் இருக்கும் குழந்தை, படிப்புக்காகத் தாயை விட்டு வெகு தூரம் போய் விடுதியில் தங்கவேண்டியிருக்கிறது. தெருக் கோடியில் இருக்கும் பள்ளிக்கூடம் அடுத்த வீட்டுப் பையனுக்குச் சொந்தமாக இருப்பது போல் அந்தக் குழந்தைக்கும் ஏன் சொந்தமாக இருக்கக் கூடாது?

சொந்தமாக்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்பதைப் பிரெஞ்சு தேசத்துக் கதை ஒன்று விளக்குகிறது. சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் குமாரன் லூயி பிரெயில். மூன்றாம் வயதில் தகப்பனாரின் ஊசி கண்ணில் பட்டுப் பார்வையை இழந்த அந்தப் பையன், 1819-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே தடித்த காகிதத்தில் சாதாரண எழுத்துக்களையே மேடாக அழுத்தி அச்சிட்ட புஸ்தகங்கள் இருந்தன. அவற்றைச் செய்தவர்கள் நல்லவர்கள். ஆனால் கண் உள்ளவர்கள். தங்கள் கண்ணுக்கு எது எழுத்தோ, அதையே மற்றவர்களின் விரலுக்கும் எழுத்தாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தடவித் தடவி மெதுவாகப் படித்தார்கள், எழுதவோ முடியவில்லை. சிப்பாய்கள் இருட்டில் படிப்பதற்கென்று ஒருவர் வகுத்திருந்த புள்ளி முறையை எடுத்துச் சுருக்கி, ஆறே புள்ளிகளில் அடங்கும் எழுத்தை லூயி அமைத்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. விரல் நுனி ஒரு தொடுதலில் அறியும் அளவுக்குள் ஓர் எழுத்து அடங்கிற்று. எழுதவும் முடிந்தது.

அந்தப் பள்ளிக்கூடம் அதை உடனே கொண்டாடியதா என்றால், இல்லை. ஒரு காலத்தில் அங்கே அந்த எழுத்து தடை செய்யப்பட்டது. மாணவர்கள் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். பிரெயில் 1852-இல் காலமாகி, இரண்டு வருஷம் கழித்தே பிரான்ஸ் தேசம் அதை அங்கீகரித்தது. தமிழ் உள்ளிட்ட நம் நாட்டுப் பாஷைகளுக்கு அந்த ஆறு புள்ளிகளைக்கொண்டே 'பாரதி பிரெயில்' என்ற பொது முறை 1951-இல் ஏற்பட்டது. இதிலிருந்து உபாத்தியாயர்களுக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு எது சௌகரியம் என்று அந்தப் பிள்ளையைக் கேட்காமல் நாமே தீர்மானிப்பது, எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்தாலும், தவறாகவே முடியும். "உனக்கு எந்த இடத்தில் உட்கார்ந்தால் பலகை தெரிகிறது?" என்ற ஒரு கேள்விக்குப் பணச் செலவு ஏதும் இல்லை.

செலவு இல்லாத காரியங்கள் இன்னும் பல உண்டு. பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால், கண் தெரியாத பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேரும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் சேரும். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசினால், செவி மந்தமான பிள்ளை நம் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தடுமாறும் பிள்ளையை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைப்பதற்குப் பதில், வாய்மொழியாகப் பதில் கேட்கலாம். பொதுப் பரீட்சையில் இத்தகைய பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கொடுக்கிறார்கள். பரீட்சை நாளில் கொடுக்கும் அந்த நியாயத்தை வருஷம் முழுவதும் வகுப்பில் ஏன் கொடுக்கக் கூடாது?

செலவு உள்ள காரியங்களிலும் கணக்குத் தெரியவேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு விதி, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது. அரை அடி உயரமுள்ள படிகள் மூன்று இருந்தால், பதினெட்டு அடி நீளம் வேண்டும். பல இடங்களில் ஐந்தாறு அடியிலேயே செங்குத்தாகக் கட்டி முடித்துவிடுகிறார்கள். அது சாய்தளம் அன்று, சறுக்குமரம். கழிப்பறையின் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இல்லாவிட்டால், அந்தப் பிள்ளை காலையிலிருந்து மாலை வரையில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறது. பெண் குழந்தைகள் படிப்பை நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

விளையாட்டு விஷயத்துக்கு வருவோம். பார்வையற்றவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். உள்ளே குண்டுமணிகள் குலுங்கும் பந்தைக் கீழ்க்கையாகத் தரையில் உருட்டிப் போடுகிறார்கள். மட்டையாளர் ஒலியைக் கேட்டு அடிக்கிறார். பதினொரு பேரில் நாலு பேராவது முற்றிலும் பார்வை இல்லாதவர்களாக இருக்கவேண்டும் என்பது விதி. அவர்கள் எடுக்கும் ஓட்டத்துக்கு இரட்டைக் கணக்கு. 2012-ஆம் வருஷத்தில் பெங்களூரில் நடந்த அவர்களுடைய முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை நம் இந்தியர்களே வென்றார்கள். அங்கே விதிதான் கொஞ்சம் வளைந்தது. ஆட்டம் கிரிக்கெட்டாகவே இருந்தது. இரண்டு விதிகளை மாற்ற முடிந்தால், மரத்தடியில் இருக்கும் பிள்ளையையும் மைதானத்தில் இறக்கிவிடலாம். ஓட முடியாதவனுக்காக இன்னொருவன் ஓடட்டும். அடிப்பது அவனாக இருக்கட்டும்.

எல்லாப் பாரத்தையும் உபாத்தியாயர் தலையில் ஏற்றுவதும் நியாயம் அன்று. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடைத்துவிட்டு, தனிப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் ஒருவரைப் பல பள்ளிகளுக்கு அலையவிட்டு, 'எல்லாரையும் உள்ளடக்கு' என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? 1977-இல் இத்தாலி தேசம் இப்பிள்ளைகளைச் சாதாரண வகுப்புகளில் சேர்க்கச் சட்டம் செய்தபோது, அத்தகைய வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், துணை ஆசிரியர் வேண்டும் என்றும் சேர்த்தே எழுதிற்று. கருணைக்கும் கைகால் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மற்றொன்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி என்று பிடிவாதம் பிடிப்பதும் கூடாது. செவி கேளாத குழந்தை ஒன்று, சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில், நாற்பது பேர் நடுவில் தனிமைச் சிறையில் இருப்பதுபோல் இருக்கும். இந்திய சைகை மொழிக்கென்று 2015-இல் டில்லியில் தனி ஸ்தாபனம் ஏற்பட்டு, 2018-இல் அகராதியும் வெளிவந்தது. அந்த மொழியை உபாத்தியாயரும் வகுப்புத் தோழர்களும் கொஞ்சமாவது கற்றுக்கொண்டால்தான் 'சேர்ந்து படித்தல்' என்பதற்கு அர்த்தம் உண்டு. அதுவரையில், நல்ல தனிப் பள்ளி ஒன்றை நாடும் பெற்றோரை யாரும் குறை சொல்லவேண்டாம்.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தை. குறைபாடு உள்ள குழந்தையை, உறவினர் வந்தால் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'முன் ஜன்மத்துப் பாவம்' என்று பாட்டி பெருமூச்சு விடுகிறாள். அம்மா, குழந்தை செய்த பாவம் ஒன்றும் இல்லை, கதவைத் திறவுங்கள். வேறு சிலர், "அந்தப் பையனால் என் பிள்ளையின் படிப்புக் கெடும், இடம் மாற்றி உட்காரவையுங்கள்" என்று தலைமை ஆசிரியரிடம் வருகிறார்கள். ஐயா, உதவி கேட்கிறவனுக்கு எப்படி உதவுவது, கேட்காதவனை எப்படிச் சமமாக நடத்துவது என்ற பாடங்கள் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. அவை அந்தப் பெஞ்சில்தான் இருக்கின்றன. உங்கள் குமாரன் அவற்றை இழக்கலாமா? நாளைக்கு ஒரு விபத்தோ வியாதியோ முதுமையோ நம்மில் யாரையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தலாம். அப்போது நமக்கு வேண்டியிருப்பதும் பரிதாபமாக இராது, இடமாகத்தான் இருக்கும்.

ஆகையால் நேயர்களிடம் நாம் வேண்டுவது பெரிய தர்மம் அல்ல. இன்று இரவு சாப்பாட்டின்போது உங்கள் குழந்தையைக் கேளுங்கள்: "உங்கள் வகுப்பில் விளையாட்டு நேரத்தில் பைகளைப் பார்த்துக்கொள்வது யார்?" பெயர் ஒன்று வரும். "நாளைக்கு அந்த வேலையை நீ பார், அவனை ஆட அழைத்துப் போகச் சொல்" என்று சொல்லுங்கள். தலைமை ஆசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பைகள் தாமாகவே பத்திரமாக இருக்கும்.