துப்பாக்கி வாங்க கார்டு வேண்டாம்... ரொக்கம்தான்! அமெரிக்காவில் உஷாராகும் துப்பாக்கி பிரியர்கள்

வாஷிங்டன்,

கடைக்கு போனோமா, கார்டை தேய்த்தோமா, பொருளை எடுத்தோமா என்று வாழ்ந்து பழகியவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் துப்பாக்கி கடைக்கு மட்டும் கத்தை கத்தையாக ரொக்கப் பணத்தோடு போகிறவர்கள் அங்கே உண்டு.

காரணம், 5723 என்கிற 4 இலக்க நம்பர். இந்த ஒரு நம்பரை வைத்து அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மல்லுக்கட்டு நடக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மக்களை விட துப்பாக்கி அதிகம்

அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம் என்று சுவிட்சர்லாந்தில் உள்ள சிறு ஆயுதங்கள் ஆய்வு நிறுவனம் 2018-ல் கணக்கு சொன்னது. அந்த நாட்டின் மக்கள் தொகையை விட இது அதிகம்.

இதை வைத்திருப்பவர்கள் எல்லாம் ரவுடிகள் இல்லை. லாரி டிரைவர், தொழிற்சாலை தொழிலாளி, விவசாயி, ஓய்வு பெற்ற ராணுவ வீரர் என்று சாதாரண ஜனங்கள்தான் பெரும்பாலானோர். சீசன் வந்தால் மான் வேட்டை, லீவு நாளில் சுடும் தளத்தில் குறி பார்த்து சுடுவது. இதுதான் பொழுதுபோக்கு.

நம்மூர் டீக்கடை பெஞ்ச் மாதிரி அங்கே துப்பாக்கி பிரியர்கள் கூடிவிட்டால் பேச்சு நிற்காது. 9 எம்.எம். தோட்டா விலை என்ன, பாயிண்ட் 22 ரைபிள் எங்கே மலிவு, காலி தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்பினால் எவ்வளவு மிச்சம் என்று போகும். கடைசியில் வந்து நிற்பது, 'கார்டுல வாங்காதே, காசு கொடுத்து வாங்கு' என்பதில்தான்.

இதில் சிக்கனமும் உண்டு. கார்டில் விற்றால் கடைக்காரருக்கு 2, 3 சதவீதம் கமிஷன் போய்விடும். ரொக்கம் கொடுத்தால் அதை தள்ளுபடியாக தரும் கடைகள் உண்டு. ஆனால் பலருக்கும் பெரிய விஷயம், 'நான் என்ன வாங்குறேன்னு பேங்குக்கு எதுக்கு தெரியணும்?' என்பதுதான்.

அது என்ன 5723?

கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் 4 இலக்க நம்பர் ஒன்று உண்டு. மளிகை கடைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று, பெட்ரோல் பங்குக்கு ஒன்று. கார்டை தேய்த்ததும் அந்த நம்பர் பேங்குக்கு போய்விடும்.

துப்பாக்கி கடைகளுக்கு மட்டும் தனி நம்பர் இல்லாமல் இருந்தது. விளையாட்டு பொருள் கடை அல்லது இதர கடை என்ற கணக்கில்தான் வந்தது.

தனி நம்பர் கேட்டு விண்ணப்பித்தது, நியூயார்க்கில் இருக்கும் அமால்கமேட்டட் பேங்க். 1923-ல் தையல் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வங்கி இது. உலக தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2022 செப்டம்பரில் பச்சைக்கொடி காட்டியது. துப்பாக்கி, தோட்டா விற்கும் கடைக்கு 5723 என்று முடிவானது. விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகிய 3 நிறுவனங்களும் சரி என்றன.

கார்டில் வாங்கிய கொலை ஆயுதம்

நம்பர் எதற்கு? இதற்கு பின்னால் ரத்தக்கறை படிந்த கதைகள் இருக்கின்றன.

2016 ஜூன் 12-ந் தேதி புளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் நள்ளிரவு தாண்டி இரவு விடுதி ஒன்றில் புகுந்த ஆசாமி, கண்மூடித்தனமாக சுட்டு 49 பேரை கொன்றான். அதற்கு முந்தைய 12 நாளில் அவன் கார்டுகளில் செலவழித்தது 26 ஆயிரத்து 532 டாலர். இன்றைய மதிப்பில் ரூ.20 லட்சத்துக்கும் மேல்.

இத்தனை செலவையும் பார்த்து பேங்க் கார்டை முடக்கி விடுமோ என்று பயந்து, அதைப்பற்றி இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறான் அவன். பேங்க் கண்டுகொள்ளவே இல்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2018 டிசம்பரில் இதை அம்பலப்படுத்தியது.

2012 ஜூலையில் கொலராடோ மாநிலம் அரோராவில் பேட்மேன் படம் ஓடிய தியேட்டரில் 12 பேரை சுட்டுக்கொன்றவனும் ஆயிரக்கணக்கான டாலருக்கு கார்டில்தான் சரக்கு வாங்கினான். 2017 அக்டோபரில் லாஸ்வேகாஸ் ஓட்டல் ஜன்னலில் இருந்து இசை நிகழ்ச்சி கூட்டத்தின் மீது குண்டு மழை பொழிந்தவனும் அப்படித்தான். அந்த சம்பவத்தில் பலியானவர்கள் 60 பேர்.

கார்டு திருட்டுப்போனால் சில நிமிடத்தில் போன் போட்டு கேட்கும் பேங்க், ஒருத்தன் ஆயுதக்கிடங்கே வாங்கும்போது தூங்கலாமா? இதுதான் 5723-ஐ ஆதரிப்பவர்களின் கேள்வி.

நம்பருக்கு தடை, நம்பருக்கு சட்டம்

துப்பாக்கி பிரியர்கள் கொந்தளித்து விட்டார்கள். யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று மத்திய அரசு பட்டியல் வைத்திருக்கக் கூடாது என 1986-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. அரசு செய்யக் கூடாததை பேங்க் வழியாக கொல்லைப்புறமாக செய்கிறார்கள் என்பது இவர்கள் வாதம்.

குடியரசு கட்சி ஆளும் மாநிலங்கள் இவர்கள் பக்கம் நின்றன. எதிர்ப்பு வலுத்ததும் கார்டு நிறுவனங்கள் 2023 மார்ச்சில் திட்டத்தை நிறுத்தி வைத்தன. அதே ஆண்டில் புளோரிடா, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் 5723-க்கு தடை போட்டன. இப்போது தடை உள்ள மாநிலங்கள் பத்துக்கும் அதிகம்.

ஜனநாயக கட்சி ஆளும் கலிபோர்னியா நேர்மாறாக, இந்த நம்பரை கட்டாயமாக்கி சட்டம் போட்டது. அங்கே 2025 மே 1-ந் தேதிக்குள் துப்பாக்கி கடைகளுக்கு இந்த நம்பரை கொடுத்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. கொலராடோவும் நியூயார்க்கும் பின்னால் வந்தன. ஒரே கார்டு; ஒரு மாநிலத்தில் நம்பர் கட்டாயம், இன்னொரு மாநிலத்தில் நம்பர் போட்டால் குற்றம்.

2024 ஜனவரியில் எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது. நிதித்துறையின் குற்றத்தடுப்பு பிரிவு, பேங்க்குகளுக்கு சுற்றுக்கு விட்ட தகவல்களில் 'டிரம்ப்' போன்ற வார்த்தைகளையும், கபேலாஸ் போன்ற வேட்டை பொருள் கடைகளின் பெயர்களையும் தேடச் சொன்ன குறிப்புகள் இருந்ததாக பாராளுமன்ற நீதிக்குழு தலைவர் ஜிம் ஜோர்டன் கடிதம் வெளியிட்டார். 2021 ஜனவரி 6-ந் தேதி நடந்த பாராளுமன்ற முற்றுகை விசாரணையை ஒட்டிய விவகாரம் இது. கபேலாஸ் கடையில் தூண்டிலும் விற்கிறார்கள், கூடாரமும் விற்கிறார்கள். மீன் பிடிக்கப் போனவனும் சந்தேக லிஸ்டிலா என்று பிரியர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ரொக்கம் கொடுத்தால் தெரியாதா?

ஆனால் ரொக்கம் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை பாதிதான் நிஜம்.

லைசென்ஸ் உள்ள கடையில் துப்பாக்கி வாங்கினால், பணம் எப்படி கொடுத்தாலும் 4473 என்ற படிவத்தில் பெயர், முகவரி எழுதி கையெழுத்து போட வேண்டும். எப்.பி.ஐ. சோதனையும் உண்டு. பாஸ் ஆனவர்களின் சோதனை விவரத்தை 24 மணி நேரத்தில் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் படிவம் கடையிலேயே இருக்கும். கடை மூடினால் மேற்கு வெர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் உள்ள அரசு அலுவலகத்துக்கு போகும். தனி ஆளிடம் வாங்கும்போது மட்டும் மத்திய சட்டப்படி இந்த படிவம் தேவையில்லை. அதற்கும் பல மாநிலங்கள் கடிவாளம் போட்டுவிட்டன.

பணத்துக்கும் கண்காணிப்பு உண்டு. 10 ஆயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கும் எந்த கடையும் 15 நாளில் அரசுக்கு தகவல் சொல்ல வேண்டும். பேங்கில் அதே அளவு ரொக்கம் எடுத்தாலும், போட்டாலும் தகவல் போகும்.

'அப்போ ஒன்பது ஒன்பதா பிரிச்சு எடுத்தா?' என்று கேட்டால் அதுதான் பெரிய வம்பு. தகவல் போகாமல் இருப்பதற்காக பணத்தை பிரிப்பதே தனி குற்றம். உழைத்து சம்பாதித்த நல்ல பணமாக இருந்தாலும் 5 ஆண்டு வரை ஜெயில். பேங்க் சந்தேகப்பட்டு தகவல் அனுப்பினால் வாடிக்கையாளரிடம் மூச்சு விடவும் கூடாது.

யாருக்கு லாபம்?

5723 வந்தால் மட்டும் எல்லாம் சரியாகி விடுமா? அதுவும் இல்லை. அந்த நம்பர் கடையை காட்டுமே தவிர, என்ன வாங்கினார்கள் என்று காட்டாது. 2 ஆயிரம் டாலருக்கு ரைபிள் வாங்கினாலும், பிள்ளைகள் கையில் துப்பாக்கி சிக்கக் கூடாது என்று அதே விலைக்கு இரும்பு பெட்டி வாங்கினாலும் பேங்குக்கு ஒன்றுதான்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே கடையில் 5 வேலை நாளில் 2 கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் அரசுக்கு சொல்ல வேண்டும். ரைபிளுக்கு இந்த விதி மெக்சிகோ எல்லையில் உள்ள 4 மாநிலங்களில் மட்டும்தான். லாஸ்வேகாஸ் இருக்கும் நெவாடா அதில் இல்லை.

இன்னொரு கசப்பான கணக்கு. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்து 830 பேர். அதில் பாதிக்கும் மேல், 26 ஆயிரத்துக்கும் அதிகமானோர், தற்கொலை செய்து கொண்டவர்கள். வீட்டு அலமாரியில் பல வருடமாக இருக்கும் ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா போதும் அதற்கு. எந்த பேங்க் நம்பரும் அதை பிடிக்காது.

ஆனால் ஆர்லாண்டோ கொலையாளி மாதிரி ஆட்கள் விஷயம் வேறு. கடனை திருப்பி கட்டும் எண்ணமே இல்லாமல், கார்டில் உள்ள கடைசி டாலர் வரை உறிஞ்சியவன் அவன். அவன் கையில் அவ்வளவு ரொக்கம் இருந்திருக்காது. மாதம் கொஞ்சம் சேர்த்து வைத்து ரொக்கத்தில் ஒரு வேட்டை துப்பாக்கி வாங்கும் தொழிலாளி ஒளிந்து கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 12 நாளில் திடீரென்று பணத்தை அள்ளி இறைப்பவனை பேங்க் பார்த்தாக வேண்டும்.

இரண்டு பேரையும் பிரித்து பார்ப்பது எப்படி, அந்த விவரம் போலீசுக்கு எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு விதி வேண்டும். அது வராதவரை ரொக்கக் கத்தைகள் கைமாறிக் கொண்டேதான் இருக்கும். அடுத்த துப்பாக்கி சூட்டுக்குப் பிறகு, பேங்க் ஏன் பார்க்கவில்லை என்ற அதே கேள்வியும் கிளம்பும்.