பெட்டி பழையதா? பாதை பழுதா?

ஒரு பொருள் எப்போது பழுதாகிறது என்பதை அறிவதைப் போலவே, அது எப்போது பழுதாகவில்லை என்பதை அறிவதும் இல்லறத்திற்கு இன்றியமையாததாகும். இணையம் சற்றுத் தாமதித்தாலே, "ரூட்டர் போய்விட்டது, புதியது வாங்க வேண்டும்" என்ற பேச்சு வீடுகளில் எழுந்துவிடுகிறது. பணம் செலவழித்துப் புதிய பெட்டி வாங்கிய பின்னும் அதே தாமதம் தொடர்வதைக் கண்டு வருந்துவோர் பலர். மறுபுறம், கட்டாயம் மாற்றியாக வேண்டிய பெட்டியை, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று ஆண்டுக்கணக்கில் மூலையில் விட்டுவைத்திருப்போரும் உளர். முதல் தவறால் பணம் போகும். இரண்டாவது தவறால் நிம்மதியே போகக்கூடும்.

ரூட்டர் என்பது வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பங்கிட்டுத் தரும் பெட்டி. வரும் தண்ணீரே குறைவாயிருக்கையில் குழாயை மாற்றிப் பயனில்லை அல்லவா? எனவே முதலில் பழுது பாதையிலா, பெட்டியிலா என்று அறிய வேண்டும்.

திருப்போரூர், கேளம்பாக்கம் வட்டாரத்தில் இன்று பல வீடுகளுக்குக் கண்ணாடி இழை வழியாகவே இணையம் வருகிறது. அத்தகைய பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்களின் அருகே சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். சாலை தோண்டும்போது இழை அறுந்திருக்கலாம்; வீட்டிற்குள்ளேயே மடங்கி ஒடிந்திருக்கலாம். இதற்கு இணைப்புத் தரும் நிறுவனத்தை அழைப்பதே வழி.

விளக்குகள் சரியாக இருந்தும் வேகம் இல்லையெனில், கணினியைக் கம்பி மூலம் ரூட்டருடன் நேராக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கம்பியிலும் வேகம் குறைவெனில் பெரும்பாலும் குறை பாதையில் உள்ளது. கம்பியில் வேகம் உண்டு, அருகில் அமர்ந்தால் வைஃபையிலும் உண்டு, அடுத்த அறையில் மட்டும் இல்லை என்றால் குறை பெட்டியில் இல்லை. அதை வைத்த இடத்தில் உள்ளது. இரும்பு அலமாரிக்குப் பின்னும், குளிர்சாதனப் பெட்டியின் மீதும், தரையோரத்திலும் வைக்கப்பட்ட ரூட்டர் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பயன் தராது. வீட்டின் நடுப்பகுதியில், உயரமான, திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எரிகிறதா? அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பலமுறை குற்றவாளி பெட்டியன்று. அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரே. அதே வோல்ட் அளவும், குறையாத ஆம்பியர் அளவும் கொண்ட வேறொன்றைப் பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நம் பகுதிக்கென்றே உரிய சில தொல்லைகளும் உண்டு. திருப்போரூரிலிருந்து கிழக்கே நெம்மேலிக்குச் சென்றால் கடல் வந்துவிடும். கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளை அரித்துவிடும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. அத்தகைய நேரங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது கருவிகளுக்குக் கேடு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி கடத்தும். ஆகவே இடி மின்னலின்போது அடாப்டரைக் கழற்றி வைப்பது நல்லது.

இவ்வளவும் பொறுமைக்கான அறிவுரை. இனி, பொறுக்கக் கூடாத இடத்தைப் பார்ப்போம்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் வாயிலில் வந்து நின்றது. பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். செய்யாத குற்றத்திற்காக அவர் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இணையத்தில் நம் வீட்டின் முகவரி நம் ரூட்டர்தான். அதன் வழியே யார் எதைச் செய்தாலும் முதலில் தட்டப்படுவது நம் கதவே. ஓர் எளிய குடும்பத்திற்கு அத்தகைய சோதனை நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வைஃபைக்குப் பூட்டுப் போடும் முறைகளிலும் பழையது, புதியது உண்டு. டபிள்யு.இ.பி. என்ற பழைய பூட்டை எளிதில் உடைக்கலாம் என்பது 2001ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. டபிள்யு.பி.ஏ.2 2004லும், டபிள்யு.பி.ஏ.3 2018லும் வந்தன. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும் கதவைத் திறந்து போடுவதே. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் பலரின் மோடங்கள், கடவுச்சொல் மாற்றப்படாத காரணத்தால் தீநிரலுக்கு இரையாகி முடங்கின.

பூட்டும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ரூட்டரும் ஒரு சிறு கணினியே. அதன் மென்பொருளில் ஓட்டைகள் தென்படும்போது, தயாரித்த நிறுவனம் அவற்றை அடைத்துப் புதுப்பிப்பு வெளியிடும். சில ஆண்டுகளில் பழைய மாடல்களுக்கு அதை நிறுத்திவிடும். அதன் பின் காணப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். அத்தகைய ஆதரவு முடிந்த ரூட்டர்களைக் கயவர் கைப்பற்றித் தம் முகமூடியாகப் பயன்படுத்துகின்றனர் என்றும், அவற்றை மாற்றிவிடுங்கள் என்றும் 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. பெட்டியின் அடியில் மாடல் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஆதரவு நீடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, ரூட்டரை மாற்ற வேண்டிய வேளைகள் நான்கு:

1. தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டபோது.

2. டபிள்யு.பி.ஏ.2 பூட்டுக்குக்கூட இடமில்லாதபோது.

3. நாம் கட்டணம் செலுத்தும் வேகத்தைப் பெட்டியால் தாங்க முடியாதபோது. பழைய பெட்டிகள் பலவற்றின் கம்பி வாயில், நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. 200 மெகாபிட்டுக்குப் பணம் கட்டினால் பாதி வீணே.

4. அடாப்டரை மாற்றியும் பெட்டி அணைந்து எரிவது நிற்காதபோது.

முதலிரண்டும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. பெட்டி இணைப்பு நிறுவனத்திற்கு உரியதாயின், முதலில் அவர்களிடமே மாற்றித் தரக் கேளுங்கள். நாமே வாங்குவதாயின், 2019இல் அறிமுகமான வைஃபை 6 வகை சராசரி வீட்டிற்குப் போதுமானது. 2024இல் வந்த வைஃபை 7 வகையைத் தேடி மிகைப்பணம் கொடுக்க வேண்டியதில்லை. புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்க மறவாதீர்கள். பழைய பெட்டியில் உள்ள நம் விவரங்களை அழித்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். பாதுகாப்பற்றது என்று நாம் கழித்ததை உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதும் முறையன்று.

வளைகுடாவில் உழைக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் காண்பது இந்தச் சிறு பெட்டியின் வழியேதான். வேகம் குறைந்தால் ஆராய்ந்து பொறுப்போம். பாதுகாப்புக் குறைந்தால் பொறுக்காமல் மாற்றுவோம்!