யார் ஊர் மணல்?



"எங்க வீடு நிக்குமா போகுமான்னே தெரியல. நீங்க என்னன்னா தாமிரபரணி மணலைப் பத்திப் பக்கம் பக்கமா போடுதீங்க!" தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். தாராவி மறுசீரமைப்புச் செய்திகளுக்கும் இடம் குறையாது. ஆனால், கடிதத்தின் கீழே சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்று போட்டிருக்கிறாரே, அதற்காகவே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் அந்த ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தோழர் நல்லகண்ணு, தாமிரபரணி மணலுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் அந்த ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. வெள்ளத்தைப் பிடித்து வைத்து, கோடையில் கிணறுகளுக்குக் கொடுப்பது ஆற்று மணல்தான். பொக்லைன் இறங்கி அதை வழித்தெடுத்தால் கரையோரக் கிணறு வற்றும், குடிநீர் உறைகிணறு ஆற்று நடுவே அந்தரத்தில் நிற்கும், பாலத்தின் அடித்தூண் வெளியே தெரியும். மும்பையில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எப்போது தெரியவரும்? "கிணத்துல தண்ணி இல்லண்ணே" என்று குத்தகைக்காரர் போன் செய்யும்போது.

நாம் இருக்கும் ஊரும் சளைத்ததல்ல. மும்ப்ரா ரேத்தி பந்தர் பக்கம் படகில் டீசல் பம்பைக் கட்டிக் கழிமுக மணலை உறிஞ்சுவார்கள். வருவாய்த் துறை வந்து பம்பை உடைக்கும். கொஞ்ச நாளில் வேறு பம்பு வந்துவிடும். 2004-ல் அலிபாக் அருகே கிஹிம் கடற்கரையில் மணல் திருட்டைத் தடுக்கப் போன சுற்றுச்சூழல் ஆர்வலர் சுமைரா அப்துலலி அடிபட்டார். விடாமல் வழக்கு நடத்தினார். 2010-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் எடுக்க பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு வானளாவ எழுப்புகிறோமே, அதற்கான மணலும் யாரோ ஒருவருடைய ஊரிலிருந்துதான் வருகிறது.

மணல் கொள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் படும் பாடு தனிக்கதை. தென்மாவட்டக் கடற்கரைகளில் நடந்த தாது மணல் கொள்ளை பற்றி 2017-ல் தொடர் எழுதிய பத்திரிகையாளர் சந்தியா ரவிசங்கருக்கு மிரட்டலுக்கு மேல் மிரட்டல். 2019-ல் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து அந்தச் செய்தியை கார்டியன், லே மோந்த் வரை கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் அந்தத் துணை வாய்ப்பதில்லை. மத்தியப் பிரதேசம் பாலாகாட்டின் நிருபர் சந்தீப் கோத்தாரி 2015-ல் கடத்தப்பட்டார். எரிந்த உடல் நம் மகாராஷ்டிரத்தில், வார்தா மாவட்டத்தில் கிடைத்தது. 2018 மார்ச்சில் அதே மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் நிருபர் சந்தீப் சர்மா மீது லாரி ஏறியது. உயிருக்கு ஆபத்து என்று அவர் முன்பே போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஊரிலேயே குடியிருக்கும் பகுதி நேர நிருபர்தான். துண்டுச் செய்திக்குத்தான் காசு. பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடிக்க வேண்டியதும் அவரே. அந்த வட்டாரத்தில் விளம்பரம் தரும் வசதி குவாரி முதலாளிக்குத்தான் இருக்கும். பிறகு எப்படி எழுதுவார்? (நமக்கும் கட்டுமான நிறுவன விளம்பரங்கள் வருகின்றன. மறைப்பதற்கில்லை.)

ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் இருக்கிறதே என்பார்கள். அது மலையை உடைத்து வருவது. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்ததை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆற்றுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கிணறு எத்தனை அடி இறங்கியிருக்கிறது, மணல் லாரி எந்நேரம் போகிறது, அதற்கு அனுமதி நடைச்சீட்டு இருக்கிறதா என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். எழுதி அனுப்புங்கள், விசாரித்துப் போடுகிறோம். உங்கள் பெயர் வெளியே வராது.

அன்புடன்,
ஆசிரியர்