எத்தனை கட்சிகள் வேண்டும்?

மக்களாட்சிக்கு எத்தனை பெருங்கட்சிகள் தேவை என்ற வினா தேர்தல்தோறும் எழுகிறது. இரண்டு இருந்தால் ஆட்சி நிலைக்கும், பல இருந்தால் குழப்பமே மிஞ்சும் என்று பலரும் விடை கூறுவர். இதை நாம் ஏற்பதற்கில்லை.

தமிழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1977 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்கள் அனைத்திலும் இரு திராவிடக் கட்சிகளுள் ஒன்றே வென்றது. ஆயினும் அவைக்குள் இரு கட்சிகள் எப்போதும் இருந்தனவா? 1991-இல் தி.மு.க. பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 22 விழுக்காடு. இடங்களோ 234-இல் 2. 1996-இல் அ.தி.மு.க.வுக்கு வாக்குகள் 21 விழுக்காடு, இடங்கள் 4. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளரின் குரல் அவையில் ஒலிக்க ஆளில்லை.

மூன்றாவதாக வருவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2006-இல் தனித்து நின்ற தே.மு.தி.க. 8 விழுக்காடு வாக்குகள் பெற்று ஒரே இடத்தில் வென்றது. 2011-இல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்தபோது, சற்றே குறைந்த வாக்குகளுக்கு 29 இடங்கள் கிடைத்தன. மக்கள் ஆதரவு வளரவில்லை, கூட்டணியே வேறுபாடு. தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்னும் முறை, புதியவரைப் பழையவரிடம் இடம் கேட்டு நிற்க வைக்கிறது.

கட்சிக்குள்ளேயே மாற்றுக்குரல் எழலாமே எனலாம். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டத்தின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரும். எனவே நம் அவைகளில் கட்சிகள் எத்தனையோ, வாக்களிக்கும் மனங்களும் அத்தனையே. அமெரிக்காவில் அப்படியொரு தடை இல்லை. அங்கே இரு கட்சிகள் போதும் என்பது இங்கே பொருந்தாது.

நியூசிலாந்தும் நம்மைப்போல் பிரிட்டானிய மரபில் வந்த நாடே. அங்கே 1981-இல் 20 விழுக்காடு வாக்குகள் பெற்ற சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. 1993-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 1996 முதல் கலப்பு விகிதாசார முறைக்கு மாறினர். பட்டியல் இடங்களைப் பெற ஒரு கட்சி 5 விழுக்காடு வாக்குகளையோ ஒரு தொகுதியையோ வெல்ல வேண்டும். கட்சிகள் புற்றீசலாய்ப் பெருகாமல் காக்கும் வேலி அது. கூட்டணி ஆட்சிகள் வந்தன, நாடு நிலைகுலையவில்லை. 2011-இல் மீண்டும் கேட்டபோதும் மக்கள் அம்முறையையே வேண்டினர்.

சிறுகட்சிகள் பேரம் பேசும் என்பர். இங்கே பேரம் இல்லையா? தேர்தலுக்கு முன்பே, தம் வலிமை இன்னதென்று தெரியாமலே பேசுகின்றனர். வாக்காளர் அளந்து தந்த வலிமையோடு பின்னர் பேசுவது அதனினும் நேர்மையானதன்றோ?

இரண்டா, ஐந்தா என்பதை நாம் முன்கூட்டி வரையறுக்க வேண்டியதில்லை, வாக்காளரே வரையறுக்கட்டும். அவர் அளித்த வாக்கு அவைக்குள் போய்ச் சேர்வதற்கான முறையைக் கேட்பதே நம் கடமை.