சொல் முந்தும், ஆள் பிந்தும்

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவது. ஆயினும், கதிரவனுக்கு மிக அண்மைய விண்மீனாகிய பிராக்சிமா சென்டாரியிலிருந்து அது நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அங்குள்ள ஒருவரை நாம் "நலமா?" என வினவினால், மறுமொழிக்கு எட்டாண்டுகளுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும்.

விண்வெளி உலகங்களைப் புனைவோர்க்கு இஃதோர் இடர். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அம்மையார், 1966-இல் வெளியான 'ரோக்கானன்ஸ் வேர்ல்ட்' புதினத்தில் 'ஆன்சிபிள்' எனும் கருவியைக் கற்பித்தார். எத்தொலைவாயினும் செய்தி அக்கணமே சேரும். ஐன்ஸ்டைனின் சார்பியற் கோட்பாடு இதற்கு இடந்தராது, கற்பனை இடந்தருகிறது. ஆனால் மனிதரைச் சுமக்கும் கலம் ஒளியை விஞ்சுவதில்லை. பயணி சின்னாள் கழித்து இறங்குகையில், ஊரில் விட்டுவந்தோர் மூத்து மறைந்திருப்பர்.

1974-இல் வெளியான 'தி டிஸ்பொசெஸ்ட்' புதினத்தில், அக்கருவிக்கு அடிப்படையான கோட்பாட்டைக் கண்ட ஷெவெக், ஒரு நாடு அதனைத் தன் உடைமையாக்க விழைவதை உணர்ந்து, எல்லா உலகங்களுக்கும் ஒருங்கே வழங்கிவிடுகிறார்.

அவர் செய்ததே முறையென நாம் கருதுகிறோம். செய்தியின் வழி ஒருவர் கையில் அடங்குமாயின், ஏனையோர் அவர் விடுத்ததையே கேட்பர். தொலைவினும் கொடிய பிரிவு அதுவன்றோ?